பீடிங்கை இழுத்துப் பார்த்தால் தெரியும்

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பம்பரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நகரத்தில் ஐந்து வருடம் ஓடிய வண்டியில் பம்பருக்கு மறுபெயின்ட் அடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பைக் உரசும், பார்க்கிங் தூண் இடிக்கும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். வண்டியையே வேண்டாமென்று விட வேண்டியதில்லை. பம்பர், முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர், கதவு, பானெட் எல்லாம் போல்ட்டில் மாட்டியவை, கழற்றி மாற்றிவிடலாம். கூரையைத் தாங்கும் பில்லர், எஞ்சின் அறையின் பக்கத் தகடான ஏப்ரான், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, டிக்கி ஃப்ளோர் ஆகியவை வெல்டிங்கில் ஒட்டியவை. அடி அதுவரை போயிருக்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும். பாலிஷ் போடுகிறவர் கை வைக்காத இடங்களில் தேடினால் கிடைக்கும்.

பானெட்டைத் தூக்கியதும் எஞ்சினை விட்டுவிட்டு ஃபெண்டர் போல்ட்களையும் பானெட் கீல் போல்ட்களையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இவற்றின் தலை பாடி கலரிலேயே இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் முனைகளில் பெயின்ட் உரிந்திருக்கும். உரிந்தாலே விபத்து என்று அர்த்தமில்லை, கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் கழற்றினார்கள் என்பதற்கான பதிலை ஏப்ரானில் தேடுங்கள். இரண்டு பக்க ஏப்ரானையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தகடுகள் சேரும் இடத்தில் பூசிய கம்பெனி சீலன்ட் ஒரே அகலத்தில் ஓடும். பட்டறையில் வைத்தது பிரஷ் கோடுகளோடு திட்டுத் திட்டாக இருக்கும். ஹெட்லைட்டுகளுக்கு நடுவே ரேடியேட்டரைத் தாங்கும் பட்டையில் மடிப்போ தட்டி நிமிர்த்திய அடையாளமோ தெரிந்தால், முன்பக்க அடி பம்பரோடு நிற்கவில்லை.

அடுத்து கதவு. நான்கு கதவையும் திறந்து, பில்லரில் செருகியிருக்கும் ரப்பர் பீடிங்கைக் கையால் இழுங்கள். எளிதாக வந்துவிடும், திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே தகடு விளிம்பில் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டக் குழிகள் வரிசையாக இருக்கும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் அது. பட்டறையில் பில்லரை வெட்டி ஒட்டினால் பெரும்பாலும் சி.ஓ.டூ. வெல்டிங் செய்து, கிரைண்டர் ஓட்டி, பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி விடுவார்கள். குழிகள் மறைந்து விளிம்பு வழவழப்பாகும், அல்லது விரல் தடவினால் மேடு பள்ளம் தட்டும். சில கெட்டிக்காரர்கள் டிரில் வைத்துப் போலிக் குழியும் போடுவார்கள், ஆனால் ஆழமும் இடைவெளியும் சீராக வராது. சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கக் கதவில் அதே இடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு வண்டிக்கு அதன் மறுபக்கமே அளவுகோல்.

பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டர் கிடைத்தால் நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 200, 300 என்றால் மறுபெயின்ட்; 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. முதலில் கூரையை அளந்து அதை அடிப்படையாக வைத்துக்கொண்டால் மற்ற இடங்களின் வித்தியாசம் புரியும். கூரையிலேயே பட்டி என்றால் வண்டி உருண்டிருக்கலாம், காரணம் கேட்காமல் நகராதீர்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பின்னால் வாங்கிய அடி அங்கே தகட்டுச் சுருக்கமாக நிற்கும்.

ஏர்பேக் விளக்கில் ஒரு தந்திரம் உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணைகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எரிந்ததா என்று பார்ப்பதில்லை. வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை மட்டும் போட்டுவிட்டு, விளக்கின் இணைப்பைத் துண்டித்திருந்தால் அது எரியவே எரியாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனி ரகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நின்றவை ஏராளம். வெளித்தகடு கண்ணாடி மாதிரி இருக்கும், வாசனைக்கு ஸ்பிரேயும் அடித்திருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுங்கள். சுருளின் உள்பகுதியில் சேற்று நிறக் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீட் ரயில், பிரேக் பெடல் பிராக்கெட், டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஸ்குரூக்கள் துருப்பிடித்திருக்கிறதா, கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு கட்டி தட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வயரிங் கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். இந்தப் பச்சைதான் மோசமான செலவு. வாங்கிய அன்று எல்லாம் வேலை செய்யும், பிறகு பவர் விண்டோ, சென்சார், ஏ.பி.எஸ். என்று ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும். மெக்கானிக் ஒரு வயரைச் சரி செய்வதற்குள் அடுத்தது போகும். அதனால் விலை பாதிக்குப் பாதி என்றாலும் வெள்ள வண்டியைத் தொட வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

கடைசியாக இன்சூரன்ஸ் காகிதம். நடப்பு பாலிசியோடு முந்தைய வருடத்துப் பாலிசியையும் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே உரிமையாளர் வைத்திருந்த வண்டியில் அது திடீரென்று பூஜ்யத்துக்கு வந்திருந்தால், க்ளெய்ம் வாங்கியிருக்கலாம் அல்லது பாலிசி புதுப்பிக்காமல் விட்டுப்போயிருக்கலாம். க்ளெய்ம் என்றால் எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு என்று கேட்டு, சர்வீஸ் சென்டர் பில்லையும் வாங்கிப் பாருங்கள். மாற்றிய பாகங்களின் பட்டியல் அதில் வரிவரியாக இருக்கும்.