காளிகாட்டில் அடுத்த வாசல்

அம்மாவுக்குக் காளிகாட் காளியைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. முட்டிவலியோடு கொல்கத்தா வரை வந்து, தள்ளுமுள்ளுக்கு நடுவே அந்த மூன்று கண்களையும் நீண்ட பொன் நாக்கையும் ஒரு நொடி தரிசித்துவிட்டு வெளியே வந்தோம். அதற்குமேல் நடக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளிருந்து நீலக்கரை வெள்ளைப் புடவையில் ஒரு சிஸ்டர் தண்ணீரோடு வந்தார். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, மலையாள வாடை அடிக்கும் தமிழில், "எந்த ஊரு அம்மா?" என்றார்.

அம்மா உட்கார்ந்திருந்தது நிர்மல் ஹிருதய் வாசலில். காளி கோயில் யாத்ரீகர்கள் தங்கிய சத்திரம் அது. தெருவோரம் சாகக் கிடப்பவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அன்னை தெரேசா கேட்க, 1952இல் மாநகராட்சி கொடுத்தது. மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று அப்போது எதிர்ப்பு கிளம்பியது. கோயில் பூசாரி ஒருவரே நோயில் விழுந்து இங்கே பராமரிக்கப்பட்ட பிறகுதான் அது அடங்கியது என்று சொல்வார்கள். இறந்தவர்களுக்கு இறுதிச் சடங்கு அவரவர் மத முறைப்படிதான். "காளிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைச்சிருக்கு பாரு" என்றாள் அம்மா. அவளுக்கு அது தற்செயலாகப் படவில்லை.

மறுநாள் விடியலில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையிலுள்ள தாய் இல்லத்துக்கு, அதாவது அன்னை தெரேசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபையின் தலைமையகத்துக்கு, திருப்பலிக்குப் (கத்தோலிக்க வழிபாடு) போனோம். மாடியில் சிற்றாலயம். பெஞ்சு கிடையாது, எல்லோருக்கும் தரைதான். (அம்மாவுக்கு மட்டும் ஒரு ஸ்டூல் வந்தது.) ஜன்னல் வழியாக பஸ் ஹாரன் காதைப் பிளக்கிறது. அந்த இரைச்சலுக்குள்ளேயே சிஸ்டர்கள் பாடுகிறார்கள். சிலுவைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரே ஒரு வாசகம், 'தாகமாய் இருக்கிறது'. சிலுவையில் இயேசு சொன்னது. இந்தச் சபையின் சிற்றாலயம் உலகில் எங்கே இருந்தாலும் அங்கே இதே வாசகம் இருக்கும்.

அந்த 'எங்கே'வின் நீளத்தை யோசித்துப் பார்த்தேன். 1950இல் இந்த ஊரில் ஒரு கைப்பிடிப் பெண்களோடு அங்கீகாரம் பெற்ற சபை. 1965இல் வெனிசுவேலாவின் கொக்கொரோத்தே என்ற ஊரில் இந்தியாவுக்கு வெளியே முதல் இல்லம். அப்புறம் ரோம், தான்சானியா. 1985இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஓர் இல்லம். அந்த நோயின் பேரைக் கேட்டாலே உலகம் விலகி நின்ற நேரம் அது. கடவுளே வேண்டாம் என்றிருந்த சோவியத் யூனியனுக்குள்ளும் 1988இல் போனார்கள். அன்னை 1997இல் கண்மூடியபோது 120 நாடுகளுக்கு மேல் பரவியிருந்தார்கள். யேமனின் ஏடன் நகரில் 2016 மார்ச்சில் முதியோர் இல்லத்துக்குள் புகுந்தவர்கள் நான்கு சிஸ்டர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இருவர் ருவாண்டா, ஒருவர் கென்யா, ஒருவர் இந்தியா. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று துறவிகள் எடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு (சத்தியங்களோடு) இவர்களுக்கு நான்காவதாகவும் ஒன்று உண்டு: ஏழையிலும் ஏழைக்கு முழுமனதோடு, இலவசமாகப் பணிவிடை செய்வது.

அன்னையின் கல்லறை கீழ்த்தளத்தில். வெள்ளையான, ஆடம்பரமில்லாத மேடை. மேலே சாமந்தி இதழ்களால் எழுதிய ஒரு வரி. அன்னையின் அறையை எட்டிப் பார்த்தேன். அடுப்படிக்கு மேலே இருக்கும் அறை, மின்விசிறி இல்லை. கொல்கத்தா புழுக்கத்தில்!

திருப்பலி முடிந்து தன்னார்வலர்களுக்கு டீ, ரொட்டி, வாழைப்பழம். நானும் அவர்களோடு சபையின் 'பிரேம் தான்' என்ற இல்லத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் ரசாயன நிறுவனத்தின் கட்டடமாம். அங்கே எனக்குக் கிடைத்தது துணி துவைக்கும் வேலை. மலைபோலக் குவிந்த போர்வைகளைத் தொட்டித் தண்ணீரில் அலசி, இரண்டு பேராக முறுக்கிப் பிழிய வேண்டும். மறுமுனையைப் பிடித்திருந்தவர் ஸ்பெயின்காரர். எங்களுக்குள் பொதுமொழி கிடையாது, அதற்கு அவசியமும் வரவில்லை. இந்த இல்லங்களில் மருத்துவம் போதாது, வலிக்கு மருந்து போதாது என்ற விமர்சனங்களை நானும் படித்திருக்கிறேன். ஒரு காலைப் பொழுது துணி துவைத்துவிட்டு அதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

சாயங்காலம் காளிகாட் சிஸ்டருக்கு நன்றி சொல்லப் போனோம். "இவனாவது நாலு துணி துவைச்சான். நான் உட்கார்ந்துட்டுப் போறேன்" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். சிஸ்டர் அவளருகில் படியில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். ஜாக்குலின் தெ தெக்கர் என்று ஒரு பெல்ஜியப் பெண். மதராஸில் ஏழைகளுக்குச் சேவை செய்துகொண்டிருந்தவர், 1948இல் அன்னையைச் சந்தித்து அவரோடு சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டார். முதுகெலும்பு நோய் விடவில்லை. ஊர் திரும்பி அறுவை மேல் அறுவை. அன்னை அவருக்குக் கடிதம் எழுதினார்: உன் வலியையும் செபத்தையும் எங்களுக்குக் கொடு, அதுவும் இந்தப் பணிதான். அப்படியே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் படுக்கையில் கிடக்கும் நோயாளி ஒருவர், இங்கே ஓடியாடும் ஒரு சிஸ்டருக்காகத் தன் வேதனையை ஒப்புக்கொடுப்பார். அந்த சிஸ்டர் அவருக்காகச் செபிப்பார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். சிஸ்டர் குனிந்து காதில் சொன்னார்.

இப்போது வீட்டில் விளக்கேற்றும்போது எங்கள் பெயர்களோடு இன்னொரு பெயரும் முணுமுணுக்கிறாள். யார் கேட்டாலும் சொல்வதில்லை.