சிங்கப்பூரில் ஐந்து இரவுகள்: ஆர்ச்சர்டா, நொவீனாவா?

2025 பிப்ரவரியில் தைப்பூசத்துக்கு அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்வது என்று முடிவானபோது, விமானச் சீட்டை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். தங்கும் விடுதியை முடிவு செய்வதற்குத்தான் பத்து நாள் ஆயிற்று. என் மாமா 1980களில் அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சிராங்கூன் சாலையில் காவடிகள் வரிசையாக வரும் காட்சியை அவர் கடிதம் கடிதமாக எழுதுவார், அதைத் தன் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு வயது 71. முழங்கால் வலி உண்டு. ஆனால் நடக்க மாட்டேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார், அதனாலேயே நாம்தான் யோசித்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

அலுவலகப் பயணங்களில் ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்த மாரியட் பான்வாய் புள்ளிகள் என் கணக்கில் ஏறத்தாழ 1,90,000 இருந்தன. பான்வாய் என்பது மாரியட் விடுதிக் குழுமத்தின் உறுப்பினர் திட்டம்; அந்தக் குழும விடுதிகளில் பணத்துக்குப் பதில் இந்தப் புள்ளிகளைக் கொடுத்துத் தங்கலாம். அந்தப் புள்ளிகளைக் கொண்டு சிங்கப்பூரில் எங்களுக்குப் பொருந்தக்கூடியவையாக இரண்டு விடுதிகள் தேறின. ஒன்று, ஆர்ச்சர்ட் சாலையும் ஸ்காட்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில், பகோடா போன்ற பச்சைக் கூரையுடன் நிற்கும் சிங்கப்பூர் மாரியட் டாங் பிளாசா. 1982இல் டைனஸ்டி என்ற பெயரில் திறக்கப்பட்டுப் பிற்பாடு மாரியட்டின் கைக்கு வந்த கட்டடம் அது. மாமா அனுப்பிய பழைய படம் ஒன்றில் அந்தக் கூரை தெரியும். மற்றொன்று, நொவீனாவில் உள்ள கோர்ட்யார்ட் பை மாரியட். மருத்துவமனைகள் சூழ்ந்த, மாலைக்குப் பிறகு ஓரளவு அமைதியாகிவிடும் பகுதி.

நகரின் நடுவில் இருப்பதால் ஆர்ச்சர்ட்தான் வசதி என்று முதலில் எனக்குத் தோன்றியது, யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ரயில் வரைபடத்தை விரித்து, நாங்கள் உண்மையில் போகப்போகிற இடங்களைக் குறித்துப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் முடிகிறது. வீரமாகாளியம்மன் கோயிலும் சிராங்கூன் சாலையில்தான். அம்மாவின் காலைச் சாப்பாட்டுக்கு நான் மனத்தில் வைத்திருந்த கோமள விலாஸும் அங்கேதான், 1947 முதல் இருக்கிறது. ஆக, எங்கள் நாளின் பெரும்பகுதி சிராங்கூன் சாலைப் பகுதியான லிட்டில் இந்தியாவைச் சுற்றியே கழியும். வடக்கு–தெற்குத் தடத்தில் நொவீனா, நியூட்டன், ஆர்ச்சர்ட் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நியூட்டனில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. அதாவது ஆர்ச்சர்டிலிருந்து வந்தாலும் நொவீனாவிலிருந்து வந்தாலும் நியூட்டனுக்கு ஒரே ஒரு நிலையம், பிறகு மாறி இன்னொரு நிலையம். நகரின் நடுவில் இருப்பது என்பதற்காகக் கூடுதல் புள்ளி கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் பயணத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தொலைவு.

அடுத்து கணக்கு. மாரியட்டில் முன்பெல்லாம் ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு வகைப்பாடு உண்டு, இந்த வகைக்கு இத்தனை புள்ளி என்று அட்டவணையே இருக்கும். 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது விலை தேதிக்குத் தேதி மாறும். நான் பார்த்த அன்று, எங்கள் தேதிகளுக்கு நொவீனாவில் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 33,000 புள்ளி, ஆர்ச்சர்டில் 46,000 புள்ளி. பணமாகக் கொடுத்தால் முறையே 260 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 410 வெள்ளி. இதோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்தத் தொகையின்மேல் 9 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரையில் தெரியும் தொகையைக் கிட்டத்தட்ட 1.2ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். புள்ளிகளில் பதிவு செய்யும்போது இவையெல்லாம் அடங்கிவிடுவதால், ஒப்பிடும் தொகை வரி சேர்ந்ததாக இருந்தால்தான் கணக்கு நேராக வரும். அப்படிச் சேர்த்து ரூபாயில் மாற்றினால் நொவீனா அறை சுமார் 20,000, ஆர்ச்சர்ட் அறை சுமார் 31,500. ஒரு புள்ளிக்கு நொவீனாவில் 60 பைசா கிடைக்கிறது, ஆர்ச்சர்டில் 68 பைசா.

புள்ளிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுவார்கள்: எங்கே ஒரு புள்ளிக்கு அதிகப் பைசா கிடைக்கிறதோ அங்கே செலவு செய்வதே லாபம் என்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன், அது தவறு என்று இந்தப் பயணத்தில்தான் எனக்குத் தெளிவாயிற்று. என் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியிருந்தால் ஓர் இரவுக்கு 31,500 ரூபாய் அறையில் நான் தங்கியிருக்கவே மாட்டேன். 20,000 ரூபாய் அறையிலும் தங்கியிருக்க மாட்டேன். லிட்டில் இந்தியாவில் 12,000 ரூபாய்க்குள் ஒரு சின்ன விடுதியைப் பிடித்திருப்பேன். ஆக, புள்ளிகள் என் பையில் உண்மையாக மிச்சப்படுத்துவது அந்த 12,000 ரூபாயைத்தான், நான் எந்த விடுதிக்குப் போனாலும் அது ஒன்றுதான். கொடுக்கவே போகாத விலையை மேலே வைத்து வகுத்தால், விலை அதிகமான விடுதி எப்போதுமே லாபமானதாகத் தோற்றம் தரும்.

அதற்கு மேல் கிடைக்கும் வசதிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, அது நிச்சயம் உண்டு. ஆனால் அந்த மதிப்பை விடுதியின் விலைப்பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் நம்மிடமே கேட்டுப் பெற வேண்டும். நொவீனாவை விட ஆர்ச்சர்டில் தங்குவதற்கு ஓர் இரவுக்கு எவ்வளவு கூடுதலாகக் கையிலிருந்து கொடுப்பேன் என்று நேர்மையாக யோசித்தபோது, 3,000 ரூபாய்க்கு மேல் மனம் போகவில்லை. ஐந்து இரவுக்கு 15,000 ரூபாய். இதற்காக நான் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய புள்ளிகள் 52,000. அந்தக் கூடுதல் புள்ளிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 29 பைசாகூடத் தேறவில்லை. அதே 52,000 புள்ளிகளை மதுரை கோர்ட்யார்டில் வைத்தால், நான் தேடிய ஒரு வார நாளில் 13,000 வீதம் நான்கு இரவுகள் வந்தன. அங்கே வரியோடு 7,500 ரூபாய் நான் மனமாரக் கொடுத்துத் தங்குகிற விலை. ஒரு புள்ளிக்கு 57 பைசா. முழுத் தொகையையும் முழுப் புள்ளியையும் வகுப்பதை விட்டுவிட்டு, இரண்டு விடுதிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் தனியே எடுத்து, அது வேறு எங்கே எனக்கு என்ன வாங்கித் தரும் என்று கேட்டபோது பத்து நாள் குழப்பம் ஒரே மாலையில் தீர்ந்தது.

ஐந்து இரவுக்கு 52,000தானா வித்தியாசம், 65,000 அல்லவா என்று கணக்குப் போடுகிறவர்கள் கேட்கலாம். மாரியட்டில் ஒரே பதிவில் தொடர்ச்சியாக ஐந்து இரவுகளைப் புள்ளிகளிலேயே எடுத்தால், அவற்றில் புள்ளி குறைந்த இரவு ஒன்று இலவசமாகிவிடும்; நான்கு இரவுக்கு மட்டும் கொடுத்தால் போதும். நாங்கள் முதலில் திட்டமிட்டது நான்கு இரவுகளுக்குத்தான். ஐந்தாவது இரவு சும்மா வருகிறது என்றதும் பயணத்தை ஒரு நாள் நீட்டுவதுதான் வழக்கமாகத் தோன்றும், நான் அதை முன்பக்கம் வைத்தேன். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானம் விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்கிவிடும், விடுதி அறை கிடைப்பதோ பிற்பகல் மூன்று மணிக்கு. முழங்கால் வலியுள்ள ஒருவர் தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு பெட்டியோடு எட்டு ஒன்பது மணி நேரம் வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்திருப்பது கொடுமை. ஆகவே 9ஆம் தேதி அதிகாலை வந்துசேர இருந்த நாங்கள், 8ஆம் தேதி இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்தோம்.

இப்படிச் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்தில், வேறொரு நிறுவனத்தின் விடுதியில், இதேபோல் முந்தைய இரவிலிருந்து பதிவு செய்துவிட்டு அதிகாலை ஐந்தரைக்குப் போய் நின்றேன். நள்ளிரவு வரை வரவில்லை என்பதால் வராதவர் கணக்கில் போட்டு, ஐந்து நாள் பதிவையும் ரத்து செய்துவிட்டிருந்தார்கள். புள்ளிகளைத் திரும்பப் பெற மூன்று வாரம் ஆயிற்று. அதனால் இம்முறை பதிவு செய்த அன்றே ஒரு முறையும், கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு முறையும், விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் குறிப்பிட்டு விடுதிக்கு எழுதி, பதில் வந்த பிறகே பெட்டியைக் கட்டினேன்.

இவ்வளவு கணக்குக்கும் பிறகு, முடிவை உறுதி செய்தது கட்டிலும் குளியலறையும்தான் என்றால் மிகையில்லை. அம்மாவுக்குத் தனிக் கட்டில் வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார், பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கம் கெடுமே என்று எழாமலே கிடப்பார். புள்ளிகளுக்குத் திறந்துவிடப்படுவது பெரும்பாலும் அடிப்படை அறை மட்டுமே என்பதால், கட்டில் எத்தனை என்பதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நான் தேடிய அன்று ஆர்ச்சர்டில் புள்ளிகளுக்கு இருந்தது ஒரே பெரிய கட்டில் கொண்ட அறை. நொவீனாவில் இரட்டைக் கட்டில் அறை கிடைத்தது. குளியலறையைப் பற்றி நானே எழுதிக் கேட்டேன். குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து நின்று குளிக்க வேண்டிய அமைப்பு அம்மாவுக்கு ஆகாது. தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும், ஈரக் காலோடு அதைத் தாண்டி இறங்கும் அந்த ஒரு நொடிதான் வீட்டிலும் எங்களுக்குப் பயம். தொட்டியில்லாமல் நடந்தே உள்ளே போய்க் குளிக்கும் வகை அறை வேண்டும் என்று கேட்டதைக் குறித்துக்கொண்டதாக நொவீனாவிலிருந்து பதில் வந்தது.

காலை உணவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மாரியட் உறுப்பினர் படிநிலைகளில் என்னுடையது கோல்டு நிலை; அதற்கு இலவசக் காலை உணவு கிடையாது. இருந்திருந்தாலும், வெண்பொங்கலும் ஃபில்டர் காபியும் இரண்டு ரயில் நிலையத் தொலைவில் இருக்கும்போது அம்மா ரொட்டித் துண்டுக்கு உட்கார்ந்திருக்க மாட்டார். அதற்கு மேலான பிளாட்டினம் நிலையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டியிருக்கும், ஏனென்றால் சிற்றுண்டியோடு கூடிய சிறப்புக் கூடம் (லவுஞ்ச்) இருக்கிற விடுதியும் இல்லாத விடுதியும் அவர்களுக்கு ஒன்றாகாது. அதுபோலவே, கணவனும் மனைவியுமாகக் கடைவீதி சுற்றுவதற்கென்றே போகிறவர்கள் என்னிடம் கேட்டால், ஆர்ச்சர்டையே எடுங்கள் என்பேன். கையில் பையோடு ரயில் ஏறாமல் நேரே அறைக்குப் போவதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

பதிவு செய்த பிறகும் நான் விலையைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. புள்ளிப் பதிவை விடுதி சொல்லும் கெடுவுக்குள் ரத்து செய்தால் புள்ளிகள் முழுவதும் கணக்குக்குத் திரும்பிவிடும் என்பதால், இடையில் விலை இறங்கினால் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம். ஜனவரி நடுவில் ஒருநாள் அதே ஐந்து இரவுகள் 1,32,000இலிருந்து 1,24,000ஆக இறங்கியிருந்தன. முதலில் புதிய பதிவைச் செய்து, உறுதி வந்த பிறகே பழையதை ரத்து செய்தேன். அதற்குள் இரண்டு பதிவுக்கும் போதுமான புள்ளி வேண்டுமே என்று பார்த்தால் கணக்கில் குறைந்தது. பற்றாத அளவைக் கடன் அட்டையில் சேர்ந்திருந்த புள்ளிகளிலிருந்து மாற்றிச் சமாளித்தேன். வங்கியிலிருந்து விடுதிக் கணக்குக்கு மாற்றிய புள்ளிகள் திரும்பப் போகாது என்பதால், வேண்டிய அளவுக்கு மேல் ஒரு புள்ளியும் மாற்றவில்லை.

9ஆம் தேதி காலை ஆறே முக்காலுக்கு நொவீனா விடுதியில் சாவி அட்டை கைக்கு வந்தது. அறையில் இரண்டு கட்டில்கள். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இங்க தாண்டி ஏற வேண்டாம்ப்பா" என்றார் அம்மா. பதினொரு மணி வரை தூங்கினார். 11ஆம் தேதி தைப்பூசம். சிராங்கூன் சாலை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, மூன்று மணி நேரம், ஒவ்வொரு காவடிக்கும் கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார். பிற்பகல் வெயிலுக்கு அறைக்குத் திரும்பி மறுபடி ஒரு தூக்கம். மாலையில் மாமாவின் படத்தில் இருக்கும் பச்சைக் கூரையைப் பார்க்க வேண்டும் என்றார். நொவீனாவிலிருந்து இரண்டே நிலையம். ஆர்ச்சர்ட் சாலையின் எதிர்ப்புறம் நின்று, கூரை முழுவதும் விழும்படி நான்கு படம் எடுத்து, அங்கேயே நின்றுகொண்டு மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம்.