இட்லிக்கு அப்புறம் ஒரு மாத்திரை

ராத்திரி நாலு இட்லி சாப்பிட்ட கையோடு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை 400 மில்லிகிராம், டம்ளர் நிறையத் தண்ணீர். ஏழு வருஷமாக இதுதான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்; ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

“அண்ணா, இதோடு இன்னொரு மருந்து சேர்த்தால் என்ன?” என்று தங்கை கேட்டாள். பிரான்சில் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்பிரிட் என்ற ஆய்வு. 2010-இல் முடிவு வந்தது. மாத்திரை 400, அதுவே 600, 400-ஐ சைட்டராபின் என்ற கீமோ மருந்தோடு, 400-ஐ நோய் எதிர்ப்பைத் தூண்டும் பெக்இன்டர்ஃபெரான் ஊசியோடு என்று நான்கு பிரிவு. ஊசி சேர்த்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு ஓராண்டில் புற்று மரபணுவின் அளவு 0.01 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியது. வெறும் 400 எடுத்தவர்களில் 14 சதவீதம்தான். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசியைத் தாங்க முடியாமல் நிறையப் பேர் முதல் வருஷமே நிறுத்திவிட்டார்கள்.

“சரி, முதலில் இதைப் போடு” என்று டம்ளரை நீட்டினாள்.