முள் நகராத மாதங்கள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் எடை குறைவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆயினும், எடைக்கருவி வாரக்கணக்கில் அதே எண்ணையே காட்டியபோது, சிகிச்சை பலனளிப்பதை நிறுத்திவிட்டதோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

மூன்றாவது வார வாக்கில் பலருக்கும் வரும் தேக்கம், மாதங்கள் கழித்து வரும் நிலையான தேக்கத்திலிருந்து வேறுபட்டது. கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு வைத்திருக்கிறது. முதல் வாரங்களில் மளமளவென இறங்கும் எடையில் இந்த நீரின் பங்கு பெரிது. உடல் அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும்போது, கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் எண் அசைவதில்லை.

உண்மையான சமநிலை பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களில் வருகிறது. 120 கிலோ உடலைச் சுமந்து படியேறுவதற்குத் தேவைப்பட்ட ஆற்றல் 85 கிலோ உடலுக்குத் தேவைப்படுவதில்லை. கொழுப்போடு தசையும் ஓரளவு குறைவதால் ஓய்வில் செலவாகும் ஆற்றலும் சுருங்குகிறது. மறுபுறம், தொடக்கத்தில் சில கரண்டிகளிலேயே நிறைந்துவிட்ட வயிறு, ஓராண்டில் ஒரு சிறு கிண்ண அளவை ஏற்கத் தொடங்குகிறது. உண்பதும் செலவாவதும் சமமாகும் இடத்தில் எடை நிற்கிறது.

பட்டினி கிடந்து எடை குறைத்த காலங்களில், எடை நின்றவுடன் பசி இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததை நான் அறிவேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து அதைக் குழாய் போலாக்கும் ஸ்லீவ் முறையில், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதி அகற்றப்படுவதால், இம்முறை அந்தப் பசி அவ்வளவாக வரவில்லை. சிகிச்சையின் பெரிய ஆதாயம் குறைந்த கிலோக்களைவிட இதுதான் என்பது என் கருத்து.

சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, உணவை நேரே சிறுகுடலுக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவீதம் வரை எடை குறைந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது, சிறிது திரும்புவது இயல்பே. தொடர்ந்து ஏறினால், தடையின்றி வழுக்கி இறங்கும் ஐஸ்கிரீம், இனிப்புப் பானங்கள் போன்றவற்றின் மீதுதான் உணவு ஆலோசகரின் முதல் சந்தேகம் விழும். எடை நின்றுவிட்டதே என்று பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றுக்கும் எடைக்கருவிக்கும் தொடர்பில்லை; மருத்துவர் சொன்னபடி அவை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை.