அமுக்காத பந்து

"விசுவாசம் இருந்தா பயம் வரக்கூடாது, இல்ல தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "ஆமாம்மா" என்றேன். பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிடம், அவர் தலைக்கு நான் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஓடியது. அன்றைய லிஸ்ட்டிலேயே சுத்தமான படங்கள் அவருடையவைதான். யாரும் புகார் சொல்லவில்லை, ரேடியாலஜி டாக்டரும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த "ஆமாம்மா" இன்னும் உறுத்துகிறது.

ஆரம்பம் தாலியில். சின்னச் சிலுவை கோத்த தாலி, அதில் தொங்கிய மூன்று ஊக்கு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று பலரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் சங்கிலிக் கொக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் எஃகாக இருக்கலாம். ஊக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மெஷினை நெருங்கும்போதே கழுத்தைவிட்டு எழும்பப் பார்க்கும். போதாததற்கு, தங்கமே ஆனாலும் ரேடியோ அலையில் சூடாகலாம், பக்கத்துப் படத்தையும் கெடுக்கும். மெஷினுக்குள் இருக்கும் 1.5 டெஸ்லா வலுவுள்ள காந்தத்துக்கு ராத்திரி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஸ்கேன் ஓடாதபோதும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அதனால் வாசலில் தாட்சண்யம் பார்க்க முடியாது. தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களுக்கு அந்த நேரத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு கொடுப்பது நம் ஊர் வழக்கம். இந்த அம்மா கயிறு வேண்டாம் என்றுவிட்டார். கழற்றி, உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்திருந்து, மகளிடம் கொடுத்தார்.

டேபிளில் படுத்ததும் இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டார். அதையும் பிரிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கையோடு கையோ தொடையோடு தொடையோ தோல் ஒட்டி இருந்தால் உடம்பே ஒரு மின்வளையமாகிவிடும். ரேடியோ அலை அதில் மின்னோட்டத்தைத் தூண்டும், ஒட்டிய இடம் வெந்துபோகக்கூடும். அதனால் கை இரண்டும் பக்கவாட்டில், உடம்புக்கும் கைக்கும் நடுவே துணி. அடுத்து உதடு. முணுமுணுத்தால் தாடை அசையும், தாடையோடு தலையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசையும். அது போதும், படத்தில் மூளையின் ஓரம் அலை அலையாகப் பெயர்ந்து விழ. மூன்று நிமிட சீக்வென்ஸை, அதாவது அந்த ஒரு சுற்றுப் படங்களை, திரும்ப எடுக்க வேண்டிவரும். "மனசுக்குள்ள ஜெபம் பண்ணுங்கம்மா, வாய் அசையக்கூடாது" என்றேன்.

சிலுவை போயிற்று, கோத்த கை போயிற்று, முணுமுணுப்பும் போயிற்று. ஜெபம் என்று அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாதுகாப்பு விதியின் பேரில் ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டாயிற்று. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

மனசு வக்கீல் வேலை பார்க்கிறது. வெளியே ஆறு பேர், அதில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில். தலைக்கு மேல் கூண்டு மாதிரியான காயிலைப் பூட்டப்போகும் நேரத்தில் வேதபாடமா நடத்த முடியும்? "பயம் வந்தா தப்பில்லம்மா" என்றிருந்தால் அங்கேயே எழுந்து உட்கார்ந்திருப்பார். "ஆமாம்மா" ஒரு பதில்கூட இல்லை, காயில் 'க்ளிக்' என்று பூட்டும்போது கூடவே வந்த இன்னொரு சத்தம். இப்படியெல்லாம்.

உள்ளே பயம் எப்போது வரும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். டேபிளோடு ஆள் உள்ளே போகும் சுரங்கத்தின் குறுக்களவு 60 சென்டிமீட்டர், புதிய மெஷின்களில் 70. அளவைவிடப் பெரிய விஷயம் கண். டேபிள் நகர்வதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டவர் பெரும்பாலும் தாங்கிவிடுவார். உள்ளே போனபின் ஒரு தடவை திறந்து பார்த்தவருக்கு மூக்குக்கு மேலேயே கூரை. மெல்லிய துணி ஒன்றைக் கண்மேல் போட்டுவிட்டால் அந்தச் சபலத்துக்கு இடமில்லை. சத்தம் பயமுறுத்தும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். காதுக்கு அடைப்பும் அதன்மேல் ஹெட்போனும் வைத்தபின் டிஃப்யூஷன் என்ற சீக்வென்ஸ் ஓடும்போது டேபிளே அதிர்ந்தால்கூடப் பலர் சமாளிக்கிறார்கள். ஆளைச் சாய்ப்பது இரண்டு சீக்வென்ஸுக்கு நடுவில் வரும் அமைதி. 'எல்லாரும் போய்ட்டாங்களோ' என்ற நினைப்பு அந்த அரை நிமிடத்தில்தான் வரும். அப்போது மைக்கில் "அடுத்தது மூணு நிமிஷம்மா" என்று ஒரு குரல் கேட்டால் போதும். குரலும் கொடுக்காமல் டீ குடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

ஜெபத்துக்கும் இங்கே ஒரு நேரக்கணக்கு உண்டு. சங்கீதம் 23 ஆறே வசனம். மூச்சை விடும்போது ஒரு அடி என்று மனசுக்குள் நிதானமாகச் சொன்னால் ஒன்றரை நிமிடம் போகும். ஃபிளேர் என்ற சீக்வென்ஸ் முடிய அதை இரண்டு தடவை சொன்னால் சரியாக இருக்கும். கத்தோலிக்கர்களுக்கு இன்னும் எளிது. ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்து அருள்நிறை மந்திரம் என்றால் ஒரு சீக்வென்ஸ், ஐந்து பத்தும் முடிவதற்குள் டேபிள் வெளியே வந்துவிடும். ஜெபமாலையை உள்ளே விட முடியாது, விரலை மடக்கி எண்ணலாம். விரல் அசைந்தால் தலைப் படத்துக்கு ஒன்றும் ஆகாது. இதில் விசுவாசம் எத்தனை பங்கு, நீளமாக விடும் மூச்சு எத்தனை பங்கு என்று பிரித்துக் கேட்டால் இரண்டு பக்கத்தாருக்கும் கோபம் வரும். மயக்க மருந்து இல்லாமல் பலர் முடித்துவிட்டுப் போகிறார்கள் என்பது மட்டும் கண்ணால் பார்ப்பது.

இந்த அம்மாவும் முடித்தார். டேபிள் வெளியே வந்தபோதுதான் கையைப் பார்த்தேன். ஆபத்துக்கு அமுக்கச் சொல்லிக் கொடுக்கும் ரப்பர் பந்தை அவர் பிடித்திருக்கவில்லை. பந்துக்குக் கீழே ட்யூபைப் பிடித்திருந்தார், நகம் வெளுக்கும் அளவுக்கு. பந்து தனியாகக் கையைவிட்டுத் தொங்கியது. கவுன் முதுகுப்பக்கம் முழுக்க ஈரம்.

"நாலு தடவ அமுக்கணும்னு வந்துச்சு தம்பி. அமுக்கினா ஆண்டவர நம்பலேன்னு ஆயிடும்ல. அதான் பந்துலேர்ந்து கைய எடுத்துட்டேன்."

பந்து பயத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை. எங்கேயாவது தோல் சுட்டால் அமுக்க வேண்டும். குமட்டினால் அமுக்க வேண்டும், மல்லாந்து படுத்து முகத்தின்மேல் காயில் பூட்டியிருக்கும்போது வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்று அவர் கையோ தொடையோ சுட்டிருந்தால்? அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒரு "ஆமாம்மா" அந்த அறையின் அபாய மணியை அணைத்துவிட்டது. விதிப்புத்தகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்துவிட்டு, அதில் இல்லாத ஒரு சொல்லால் அணைத்தது.

என் பக்கத்துக்கும் வசனம் இல்லாமல் இல்லை. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதியிருக்கிறார். அதே வசனத்தின் வால், "பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல." அந்த அம்மாவை உள்ளே உலுக்கியது இந்த வால்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தின வசனம் பேசுவது நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி. 60 சென்டிமீட்டர் சுரங்கத்தைப் பற்றியல்ல. தாவீதோ "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார். பயந்த நாளும் நம்பின நாளும் ஒரே நாள். கெத்செமனேயில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த ராத்திரி அவரும் மூன்று பேரைக் கூட இருக்கச் சொன்னார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். மைக்கில் குரல் வராத அமைதி அவருக்கும் தெரியும்.

இதெல்லாம் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து யோசித்தது. "பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்று அதே தாவீதின் சங்கீதம் சொல்வதை என்ன செய்வது? அந்த அம்மா நான்கு தடவையும் கடந்து வந்தது அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதானே? ஈரக் கவுனோடு எழுந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டீங்கம்மா" என்று திருத்தவும் இல்லை.

இப்போது பந்தைக் கொடுக்கும்போது வேறு மாதிரி சொல்கிறேன். "பயம் வரும். வந்தா அமுக்குங்க. ஜெபம் பண்ணிக்கிட்டே அமுக்கலாம்." விரலைப் பந்தின்மேல் வைத்து ஒரு தடவை அமுக்கிக் காட்டச் சொல்கிறேன், மணி அவர்கள் காதிலும் விழ வேண்டும். இதன் பலன், முன்பைவிட அதிகம் பேர் அமுக்குகிறார்கள். பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது, சிலரை மயக்க மருந்துக்கு இன்னொரு நாள் வரச்சொல்ல வேண்டியிருக்கிறது, லிஸ்ட் சாயங்காலம் வரை இழுக்கிறது. அந்த அம்மாவிடம் இப்படிச் சொல்லியிருந்தால் முதல் அமைதியிலேயே அமுக்கியிருப்பார், படமும் வந்திருக்காது. வராமலே போயிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் தோன்றுவதில்லை.

வெளியே பெஞ்சில் மகள் தாலியை மாட்டிவிட்டார். ஊக்குகளைத் தானே கோக்கிறேன் என்று அம்மா வாங்கிக்கொண்டார். இரண்டைக் கோத்துவிட்டார். மூன்றாவதின் முனை வளையத்துக்குள் போகாமல் பக்கத்திலேயே குத்திக் குத்தி நின்றது, விரல் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.