கொழுந்தும் தேர்வும் ஒரே மாதத்தில்

நீலகிரித் தேயிலைக்கு இரண்டு பெரிய பருவங்கள். ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை ஒன்று, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இன்னொன்று. கல்லூரிப் பருவத் தேர்வுகளும் ஏறக்குறைய அதே ஏப்ரலிலும் நவம்பரிலும்தான் வந்து நிற்கும். ஊட்டியில் பி.காம். படித்துக்கொண்டே கோத்தகிரிப் பக்கம் சின்னதாக ஓர் ஆர்தடாக்ஸ் (இலையை முழுசாக உருட்டி முறுக்கிச் செய்யும் பழைய முறை) தேயிலைக் கூடம் நடத்தும் பெண்ணிடம் டீ மேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவராகச் சேர்ந்தபோது என் மனதில் ஓடிய கேள்வி இதுதான்: இவர் எதை விடப்போகிறார், படிப்பையா, தொழிலையா?

இரண்டையும் விடவில்லை. ஊரில் கேட்டால் "ராத்திரி பகலா உழைக்கிற பொண்ணு" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். நான் வியப்பது வேறு ஒன்றை. தன்னால் என்ன முடியாது என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப்படுகிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் பல வருடம் நான் வேலை பார்த்தது விவசாயிகளிடம் இலை வாங்கி, மெஷினில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் தூள் போடும் ஃபேக்டரிகளில். பருவம் உச்சத்துக்கு வந்தால் அங்கே 'கோட்டா' போடுவார்கள். மெஷின் தாங்காத அளவுக்கு இலை வந்துவிட்டால், ஆளுக்கு இத்தனை கிலோதான் எடுப்போம் என்பார்கள். அதையும் எப்போது சொல்வார்கள்? பறித்து, சாக்கில் கட்டி, எடைக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பிறகு. பறித்த கொழுந்தை நாளைக்கு என்று வைக்க முடியாது, சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்கள், கூலி கொடுத்துப் பறித்த இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "இன்னைக்கு இவ்வளவுதான்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவன் நான். அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

இங்கே தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே எடைக் கொட்டகைப் பலகையில் தேதிகள் ஏறிவிடும். இந்த நாட்களில் பாதி இலை, இந்த நாட்களில் இலை எடுப்பதில்லை என்று தெளிவாக எழுதியிருக்கும். அட்டவணை வரத் தாமதமானால் உத்தேசத் தேதியாவது இருக்கும். கையால் பறிக்கும் தோட்டத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளி. குறைந்தது ஒரு சுற்றுக்கு முன்பே தெரிந்துவிட்டால் விவசாயி பறிப்பைத் தள்ளி வைக்கலாம், கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். தபாலில் தூள் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். நவம்பரில் பார்சல் கிளம்பாது, வேண்டியவர்கள் அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள் என்று செய்தி போய்விடும். வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவார்களே என்று கேட்டேன்.

"போறவங்க போகட்டும் அண்ணா. அனுப்புறேன்னு சொல்லிட்டு அனுப்பாம விட்டா, அவங்க திரும்பி வரவே மாட்டாங்க."

இன்னொரு விஷயம், அவர் தேர்ந்தெடுத்த தொழிலின் நேரமே படிப்புக்கு இடம் கொடுத்தது. ஆர்தடாக்ஸ் தூளுக்கு இலையை நன்றாக வாட்ட வேண்டும். மதியம் எடை போட்டு வலையில் பரப்பினால் விடிய விடியக் காற்றில் வாடும். 100 கிலோ இலை 55, 60 கிலோவுக்கு இறங்கும். அந்த இரவு நேரத்தில் யாரும் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. அவர் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து அங்கேயே உட்கார்ந்து படிப்பார். காலையில் இலையை உருட்டும் ரோலர் ஓடும்போது என்னோடு நிற்பார், அப்புறம் ஊட்டி பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். இலை செம்பு நிறத்துக்கு மாறுவதைப் பார்த்து டிரையரில் போடுவது முழுக்க என் பொறுப்பு.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு தப்பும். ஈர இலை வாட இன்னும் பல மணி நேரம் பிடிக்கும், விடிந்தும் ரோலருக்குத் தயாராகாது. அப்போதும் அவர் வகுப்பை விட்டதில்லை. "வாட்டம் பத்தலைன்னா நீங்களே முடிவு பண்ணுங்க அண்ணா, கேட்கணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். முந்தைய இடங்களில் டிரையர் சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூட முதலாளிக்கு போன் போட்டுப் பழகியவன் நான். மகள் வயதுப் பெண் என் கைப்பக்குவத்தை நம்பி ஒரு நாள் சரக்கை முழுதாக விட்டுப் போனபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை சாதாரணமானதல்ல.

அவர் படித்த பாடமும் சும்மா இருக்கவில்லை. அடக்கவிலைக் கணக்கியலில் இயல்பு நட்டம், அசாதாரண நட்டம் என்று இரண்டு வரும். செய்முறையிலேயே எப்படியும் குறைந்துபோகும் எடை இயல்பு நட்டம், அதற்கு மேல் குறைவது அசாதாரண நட்டம். அவர் அதை எங்கள் நோட்டில் போட்டுப் பார்த்தார். 100 கிலோ இலைக்கு 22, 23 கிலோ தூள் வரும். அது 19 ஆனால் எங்கே போயிற்று? மழை நாளில் பெரும்பாலும் அது தண்ணீர். இலை மேல் ஒட்டிய தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருப்போம்.

ஈர இலைக்காக எடையில் வெட்டும் தண்ணீர்க் கழிவு என்றாலே மலையில் சண்டை வரும். கொண்டுவந்தவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சதவீதத்தை வெட்டிவிடுவார்கள், ஏன் என்று கேட்க முடியாது. இவர் என்ன செய்தார் என்றால், சாக்கிலிருந்து ஒரு கிலோ இலையை எடுத்து, விவசாயி முன்னாலேயே துணியில் உதறித் துடைத்து, மறுபடி தராசில் வைத்தார். எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதம்தான் கழிவு. இரண்டு பேரும் பார்த்து நோட்டில் கையெழுத்து. பெரிய ஃபேக்டரிகளில் இதற்கு நேரமில்லை என்பார்கள். எங்கள் கொட்டகையில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட ஆவதில்லை. காதும் காதும் வைத்தாற்போல நடந்த ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் கொண்டுவந்ததும் கழிவுச் சண்டை அப்படியே அடங்கிவிட்டது. நான் முப்பது வயதில் இதைக் கற்றிருந்தால் எத்தனை வாக்குவாதம் இல்லாமல் போயிருக்கும்!

தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு 65 பங்கு, தயாரிப்பவருக்கு 35 பங்கு என்று தேயிலை வாரியத்தின் பங்கீட்டு முறை ஒன்று இருக்கிறது. அதை அவர் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, இலை கொண்டுவரும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். படிக்கிற பெண் என்ற கர்வம் துளியும் கிடையாது.

இப்போது அவர் எம்.காம். சேர்ந்திருக்கிறார். ரோலரில் என்னோடு நிற்கும் பையன் குன்னூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான். இந்த வருடம் பலகையில் அவனுடைய தேர்வுத் தேதிகளும் ஏறியிருக்கின்றன. அந்த வாரம் இலை பாதிதான் எடுப்போம் என்று விவசாயிகளிடம் சொல்லியாகிவிட்டது.