எலி மூளைக்குள் ஒரு வரைபடம்
எலியின் மூளை 2 கிராம்தான் இருக்கும், அதைத் திறக்காமலே உள்ளே எந்த இடத்தில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு என்று படம் போட முடிகிறதே, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. சாதாரண எம்ஆர்ஐ நீரைப் பார்க்கிறது. அதே காந்தக் கருவியில் செய்யும் இந்த நிறமாலைப் படமாக்கம் நீரின் சிக்னலை அடக்கிவிட்டு, அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிந்த சிக்னல்களைப் பிடிக்கிறது. நிறமாலையில் 2.01 பிபிஎம் (அதிர்வெண்ணைக் குறிக்கும் அளவு) என்ற இடத்தில் எழும் முகடு, நரம்பணுக்களில் இருக்கும் என்ஏஏ (என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட்) என்ற வேதிப்பொருளுடையது; அது குறைந்தால் நரம்பணுக்களுக்கு ஏதோ ஆகிறது என்று பொருள்.

தொல்லை தருவது மண்டையோட்டை ஒட்டிய கொழுப்பு. அதன் சிக்னல் கொஞ்சம் கசிந்தாலும், மூளையின் மேலடுக்கான புறணியின் என்ஏஏ அதில் மூழ்கிவிடும். அப்புறம் ஷிம்மிங், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்குவது; அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

ஆனால் மயக்கம் தெளிந்து எலி மீசையை அசைத்து எழுந்து நடக்கும்போது மனசு லேசாகிறது. ஆய்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எலியைக் கொல்லாமல், இதே எலியை அடுத்த வாரமும் ஸ்கேன் செய்யலாம்.